ஃபிராவ் அம்ரைனின் குசினியில் பால் காய்ச்சினோம்

வீட்டுக்காரரின் வரியை மாற்ற இந்த நாட்டு மக்கள் வாக்களித்ததிலிருந்து எங்கள் ஆட்கள் கூடுமிடமெல்லாம் வேறு கதையே இல்லை. போன மாதம் எம்மன்புரூக்கே ஊரில், பிள்ளை பெரியவளானதுக்கு வைத்த ஒரு சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தேன். மேடையில் பிள்ளை மாலையும் கழுத்துமாக நிற்கிறாள். அவளைப் பார்க்க ஆளில்லை. ஆண்கள் எல்லாரும் சோற்று மேசையில் கைபேசியை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள்.

"நாங்கள் இருக்கிற சொந்த வீட்டைத் திருத்தினா இன்னும் கொஞ்ச வருஷத்திலை அந்தச் செலவை வரியிலை கழிக்க ஏலாதாம். வாடகைக்கு விட்ட வீடெண்டா அப்பவும் கழிக்கலாமாம்" என்றார் ஒருவர். என்னைக் கண்டதும் எல்லாரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். "ராணியக்கா, நீங்கள் அந்த வேலையிலை இருந்தனீங்கள்தானே. உந்தச் சலுகையாலை ஆருக்கு லாபம்?"

"முதலிலை என்னைச் சாப்பிட விடுங்கோடா" என்று சொல்லித் தப்பிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதில் வரியைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. ஒரு மனுசியைப் பற்றித்தான் கூடச் சொல்ல இருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தபோது எனக்கு ஜெர்மன் மொழியில் நன்றியும் வணக்கமும் மட்டும்தான் தெரியும். கோப்பை கழுவினேன், ஹோட்டல் கட்டில் விரித்தேன், பிறகு குடியிருப்புகளின் படிக்கட்டுத் துடைத்தேன். அந்தப் படிக்கட்டில் வைத்துத்தான் ஃபிராவ் அம்ரைன் என்ற அந்த மனுசி என்னைப் பிடித்தார். வீடுகளை முதலாளிமாருக்காகப் பராமரித்து வாடகைக்கு விடும் ஒரு நிர்வாகக் கந்தோரில் அவர் பெரியவர். நான் படியின் மூலையைத் துணியால் தடவியதோடு விடாமல் விரலைக் கொண்டும் துடைப்பதைக் கண்டு, என்னைத் தன் கந்தோருக்கு வரச் சொன்னார். மாலை நேர வகுப்பு, சோதனை, திரும்பவும் சோதனை. முதல் தடவை தவறினேன், இரண்டாம் தடவை தேறினேன். அவ்வளவுதான் என் படிப்புக் கதை.

அதன்பிறகு ஓய்வு பெறும்வரை என் வேலை அப்நாமே. இந்த நாட்டில் வாடகை வீட்டை விட்டுப் போகிறவர் திறப்பைக் கதவில் தொங்கவிட்டுப் போய்விட முடியாது. வீட்டை மினுக்கித் துடைத்து, ஆள் வந்து பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் போகலாம். அந்தப் பார்க்கிற ஆள் நான். என் பெயரைக் கேட்டாலே குடியிருப்பாளர்கள் திரும்பவும் துணியை எடுப்பார்கள் என்று கந்தோரில் பகிடி பண்ணுவார்கள்.

எப்படிப் பார்ப்பது என்பதையெல்லாம் ஃபிராவ் அம்ரைன்தான் பழக்கினார். குசினியில்தான் தொடங்க வேண்டும். டோர்ச்சை மேலேயிருந்து பிடித்தால் ஒன்றும் தெரியாது. அடுப்புத் தட்டோடு தட்டாகச் சாய்த்துப் பிடித்தால் எண்ணெய்ப் படலம் அப்படியே எழுந்து நிற்கும். புகை இழுக்கும் விசிறியின் வலையைக் கழற்றி முகர்ந்து பார்க்க வேண்டும். தண்ணீர்க் குழாயின் வாயில் சுண்ணாம்பு கட்டியிருக்கிறதா, யன்னல் சட்டத்தின் தவாளிப்புப் பள்ளத்தில் ஊத்தை இருக்கிறதா, ஆணி அடித்த ஓட்டைகளை ஒழுங்காக அடைத்தார்களா, பற்பசையால் அடைத்து ஏமாற்றினார்களா என்று பார்க்க வேண்டும். பற்பசை என்றால் மணத்திலேயே தெரிந்துவிடும்.

ஆனால் அவர் பழக்கியதில் இன்னொன்று இருந்தது. அவருடைய காரில் எப்போதும் ஒரு மடக்குக் கதிரை கிடக்கும். வெறுமையான வீட்டுக்குள் போனதும் முதலில் அதை விரித்து, "உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வீட்டை விட்டுப் போகிறவரை உட்கார வைப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். (அவர் கதைத்ததெல்லாம் ஜெர்மன். எங்கள் ஆட்களுக்கு நான் ராணி, அவருக்கு ஃபிராவ் ஜெயா, அதாவது ஜெயா அம்மா. இத்தனை காலத்தில் எனக்கு அது தமிழாகவே நினைவில் நிற்கிறது.)

"எல்லாப் பொருளையும் ஏற்றி அனுப்பிவிட்டு, இரண்டு நாள் நித்திரையில்லாமல் துடைத்துவிட்டு நிற்கிறார்கள், ஃபிராவ் ஜெயா. அவர்களை நிற்க வைத்துவிட்டு நான் மூலை மூலையாகத் தேடினால் அது பொலிஸ்காரன் வேலை" என்றார்.

எனக்கோ அந்தக் காலத்தில் சரியான வாய். எங்கள் ஆட்களின் வீடு என்றால் இன்னும் மோசம். ஒருமுறை ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்கு அப்நாமேக்குப் போனோம். அடுப்புக்கு மேலே சுவர் முழுக்க மஞ்சளும் தாளித்த எண்ணெயும். அங்கே குடியிருந்தவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "எங்கடை ஆள்தானே தங்கச்சி, பாத்துச் செய்யுங்கோ" என்றார். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. "சுவரிலையோ அண்ணை கறி வைச்சனீங்கள்?" என்று சத்தம் போட்டேன். ஃபிராவ் அம்ரைன் என் தோளில் தட்டி, "இந்தச் சுவருக்குக் கடைசியாக எப்போது வர்ணம் பூசினோம்?" என்று கேட்டார். சுவர்ப் பூச்சுக்கும் இங்கே ஓர் ஆயுள் உண்டு. அது முடிந்திருந்தால் கறைக்காகக் குடியிருந்தவரிடம் எதுவும் கேட்க முடியாது. அந்தப் பூச்சு எப்போதோ செத்துப்போயிருந்தது. "இருபது வருடம் சீஸ் உருக்கியவர்களின் சுவரையும் நாம் பார்த்திருக்கிறோம். அங்கே நீங்கள் சத்தம் போடவில்லை" என்றார். அந்த அண்ணை இன்றைக்கும் என்னைக் கண்டால் "கறி வைச்ச சுவர்" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஃபிராவ் அம்ரைன் எனக்கு வெகுகாலம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். கலியாணம் கட்டவில்லை. வாழ்நாள் முழுக்க ஆயிரக்கணக்கான வீடுகளைக் கையாண்டவருக்குச் சொந்தமாக ஒரு வீடு இல்லை. எம்மன்புரூக்கேயில் ஆறு குடும்பங்கள் இருக்கும் ஒரு பழைய கட்டடத்தில், இரண்டாம் மாடியில், இளவயதிலிருந்தே ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார். இந்த நாட்டில் அது அதிசயமில்லை. வாடகை வீட்டில் பிறந்து வாடகை வீட்டிலேயே கண் மூடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் என் தம்பி ரவி ஓர்லிகோனிலிருந்து போன் எடுத்தான். அவன் மின்வேலை செய்கிறவன், நல்ல உழைப்பாளி. வந்த புதிதில் உணவகத்தில் வெங்காயம் உரித்து, பிறகு தொழில் படித்து, சுவருக்குள் வயர் இழுத்து இழுத்துத் தோள்மூட்டைத் தேய்த்துக்கொண்டவன். அவனும் மனைவி கலாவும் சேமிப்பு, சீட்டு, வங்கிக் கடன் எல்லாம் போட்டு வாடகைக்கு விட ஒரு கட்டடம் வாங்கிவிட்டார்களாம். "அக்கா, உன்ரை எம்மன்புரூக்கேயிலைதான்" என்று முகவரியைச் சொன்னான். எனக்குச் சந்தோசத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை. அது ஃபிராவ் அம்ரைன் இருக்கும் கட்டடம். மனுசிக்கு வயதுபோன காலத்தில் நல்ல வீட்டுக்காரர் கிடைத்துவிட்டார் என்றே நினைத்தேன். கட்டடத்தைப் பராமரிக்கும் வேலையை ரவி எங்கள் கந்தோருக்கே தந்தான்.

வாங்கிய கையோடு பிரச்சினை ஒன்று கிளம்பியது. வாங்கின வீட்டில் பால் காய்ச்ச வேண்டும் என்று கலா ஒற்றைக்காலில் நின்றாள். ஆனால் ஆறு வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கே காய்ச்சுவது?

"கீழை உடுப்புத் தோய்க்கிற நிலவறையிலை பிளக் இருக்கு. ஒரு கரண்ட் அடுப்பைக் கொண்டுபோய் வைச்சா முடிஞ்சுது" என்றான் ரவி.

"உங்களுக்கென்ன விசரோ? ஊத்தை உடுப்புக்கு நடுவிலையோ லட்சுமியைக் கூப்பிடுறது?" என்று கலா சீறினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மச்சாள், உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு மனுசி அங்கை இருக்கிறா எண்டனீங்கள் எல்லே?"

நான் போய்க் கேட்டேன். ஃபிராவ் அம்ரைன் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பால் எவ்வளவு, பாத்திரம் என்ன அளவு, எந்தப் பக்கமாக வழிய வேண்டும் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியென்றால் பாலை வேண்டுமென்றே அடுப்பில் பொங்கி வழிய விடுவீர்கள்?"

"ஓம்."

"ஃபிராவ் ஜெயா, நான் உங்களுக்கு என்னத்தைப் பழக்கினேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சனிக்கிழமை நாங்கள் போனபோது நல்ல பட்டுச் சட்டையும் காதில் முத்தும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். குசினி பளிச்சென்று இருந்தது. கலா கிழக்குப் பார்த்துக் கும்பிட்டுப் பாலை வைத்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பில் சீறியபோது ஃபிராவ் அம்ரைனின் கை தன்பாட்டில் துணியை எடுத்துவிட்டது. கலா அந்தக் கையை அப்படியே பொத்திப் பிடித்துக்கொண்டாள். அடங்கும்வரை இரண்டு பேரும் கைபிடித்தபடி நின்றார்கள். பிறகு கலா முதல் கோப்பைப் பாலை அவரிடம்தான் கொடுத்தாள். "குசினிக்காரிக்குத்தான் முதல்" என்றாள்.

கட்டடத்தில் இருந்த எல்லாரையும் பால் குடிக்கக் கூப்பிட்டோம். கீழ் வீட்டிலிருந்து ஃபிராவ் தெக்லே தன் இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்தார். எரித்திரியாவிலிருந்து வந்து, வைத்தியசாலைச் சலவையறையில் வேலை செய்து, பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவர். பிள்ளைகள் பயித்தம் பணியாரத்தை இரண்டு கையாலும் அள்ளினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அவர்கள் அம்மா வரும்வரை ஃபிராவ் அம்ரைனின் குசினியில்தான் வீட்டுப்பாடம் செய்வார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சில மாதம் போனது. ஒருநாள் ரவி கந்தோருக்கு வந்தான். கூடவே அவனுடைய வரிக்கணக்குப் பார்க்கிறவரும் வந்தார். அவர் கெட்ட மனிதரில்லை, கேட்ட கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்கிறவர். அவர் விளக்கியது இதுதான். வாடகைக்கு விட்ட கட்டடத்தைத் திருத்தினால் அந்தச் செலவில் பெரும் பகுதியை வருமானத்திலிருந்து கழிக்கலாம். வேலையை இரண்டு வருடத்துக்குப் பிரித்துச் செய்தால் இரண்டு வருடமும் வரி குறையும். துண்டு துண்டாகத் திருத்தாமல், ஆறு வீட்டையும் காலி பண்ணி ஒரேயடியாகத் திருத்தினால் வேலையும் சுகம். பிறகு புது ஆட்களுக்குப் புது வாடகை வைக்கலாம்.

"ஆறு வீட்டையுமோ?" என்று ரவியைக் கேட்டேன்.

"ஓம் அக்கா. எல்லாருக்கும் எழும்பச் சொல்லி அறிவித்தல் குடுக்கவேணும்."

"டேய், ஃபிராவ் அம்ரைனுக்கும் குடுப்பியோ?"

அவன் மேசையைப் பார்த்தான். "சட்டம் தாறதை எடுத்தா நான் கள்ளனோ அக்கா? இந்தத் தோளை வைச்சுக்கொண்டு இன்னும் எத்தினை வருஷம் வேலைக்குப் போவன்? என்ரை பென்ஷனிலை என்ன வரும் எண்டு உனக்குத் தெரியாதே?"

அவன் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். பொய் சொன்னால் நாலு கிழி கிழித்திருப்பேன்.

தபாலில் அறிவித்தல் போகுமுன் நானே நேரில் போனேன். ஃபிராவ் அம்ரைன் கோப்பி ஊற்றித் தந்தார். நான் வாயைத் திறக்க முன்னமே, "முழுத் திருத்தமா?" என்று கேட்டார். அந்தத் தொழிலில் ஊறியவருக்கு என் முகம் போதும். ஓம் என்று தலையாட்டினேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் என் கண் என் பேச்சைக் கேட்கவில்லை.

அவர் என்னைக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய குளியல் தொட்டியைக் காட்டினார்.

"இதைக் கழற்றிவிட்டுப் புதிது வைப்பார்கள். வரிக்கந்தோரிடம் போகும்போது, பழையதைத் திருத்திக் காப்பாற்றினோம் என்று சொல்லிச் செலவைக் கழிப்பார்கள். குடியிருப்பவரிடம் வரும்போது, புதியது வைத்தோம் என்று சொல்லி வாடகையை ஏற்றுவார்கள். தொட்டி ஒன்றுதான். நானும் கந்தோரில் இருந்த காலம் முழுக்க முதலாளிமாருக்கு இதைத்தான் செய்து கொடுத்தேன். அப்போது நான் இந்தத் தொட்டியில் தினமும் குளித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாளும் இதைப் பற்றி யோசித்ததில்லை."

"நீங்கள் எதிர்த்து முறையிடலாம்" என்றேன். இங்கே வாடகைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் பேசித் தீர்க்க ஓர் அரச அலுவலகம் இருக்கிறது. வயதானவர், நெடுங்காலம் இருந்தவர் என்றால் இன்னும் கொஞ்சக் காலம் இருக்கக் கட்டாயம் தவணை கொடுப்பார்கள்.

"தெரியும். இரண்டு மூன்று வருடம் கிடைக்கும். ஆனால் உங்கள் தம்பியை எதிர்த்து நான் முறையிட வேண்டும், உங்கள் கந்தோர் எனக்குப் பதில் எழுத வேண்டும்." அவர் என் கையைத் தட்டினார். "எனக்கு இங்கிருந்து போக விருப்பமில்லை, ஃபிராவ் ஜெயா. அதை மட்டும் உங்களிடம் சொல்லி வைக்கிறேன். வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்."

அவ்வளவு காலத்தில் அவர் தனக்கென்று என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

அந்த ஞாயிறே ஓர்லிகோனுக்கு ரயில் ஏறினேன். ரவியோடு மல்லுக்கட்டத்தான் போனேன். கலா புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். நான் ஃபிராவ் அம்ரைனின் பெயரை எடுத்ததும் அவள் நீத்துப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"அந்த அம்மாவுக்கென்ன? அவ இருப்பாதானே?"

"ஆறு வீடும் எண்டா ஆறு வீடும்தான் கலா" என்றேன்.

அவளுக்கு அது தெரியாது. ரவி சொல்லவில்லை. அவன் மெதுவாக, "வரிக்காரர் என்ன சொல்லுறார் எண்டா..." என்று தொடங்கினான்.

"வரிக்காரரோ வந்து பால் காய்ச்சினவர்?" என்றாள் கலா. இவ்வளவு சத்தமாக அவள் கதைத்து நான் கேட்டதில்லை. "ஆற்றை அடுப்பிலை எங்கடை பால் பொங்கினது? ஆற்றை கையிலை முதல் கோப்பையைக் குடுத்தனாங்கள்? அந்த மனுசியை எழுப்பிப்போட்டு வாற வாடகையிலை எனக்கு ஒரு நேரச் சோறும் வேண்டாம். அந்தக் குசினி கலைக்கப்படாது. சொல்லிப்போட்டன்."

ரவி என்னைப் பார்த்தான். நான் முகட்டைப் பார்த்தேன். கலா எழும்பிப் போய் நீத்துப்பெட்டியில் திரும்பவும் மாவைக் கொட்டினாள். அன்றைக்கு அந்த வீட்டில் புட்டு இறங்க முன்னமே முடிவாகிவிட்டது. ஐந்து வீட்டைத் திருத்துவது, இரண்டாம் மாடி வீட்டை இருந்தபடி பழைய வாடகைக்கே விடுவது.

அடுத்த நாள் வேலை தொடங்க முன்னமே அவர் வீட்டு மணியை அடித்தேன். வாசலில் வைத்தே சொல்லிவிட்டேன். பால் கதை, கலா கத்தியது, புட்டு எல்லாம் சொன்னேன். ஃபிராவ் அம்ரைன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முகம் முழுக்க மலர்ந்தது. பிறகு அந்த மலர்ச்சி மெல்லப் போனது.

"ஃபிராவ் தெக்லே?" என்றார்.

தெக்லேயின் குசினியில் யாரும் பால் காய்ச்சவில்லையே.

"அவர் இந்த வட்டாரத்தில் ஒரு வீடு எடுக்க மாட்டார். அந்தச் சம்பளத்துக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட வேண்டி வரும்" என்றார். என்னை உள்ளே கூப்பிடவும் மறந்துபோய் அங்கேயே நின்றார். "உங்கள் மச்சாளிடம் ஒன்று கேளுங்கள். பால் பொங்கியது இந்தக் குசினியிலா, என்னிலா?"

அவர் கேட்பது எங்கே போகிறது என்று விளங்கியபோது எனக்குப் பதறிவிட்டது. "வேண்டாம்" என்றேன். ஜெர்மன் வரவில்லை, தமிழில்தான் சொன்னேன். "வேண்டாம், ஐயோ, நீங்கள் இருங்கோ."

அவர் என் தலையைத் தடவிவிட்டார்.

முதியோர் குடியிருப்பில் அவருக்கு ஓர் இடம் தருவதாக முன்பே சொல்லியிருந்தார்களாம். இன்னும் நேரம் வரவில்லை என்று தள்ளிக்கொண்டே வந்தவர். அந்தக் கிழமையே சம்மதம் சொல்லிவிட்டார். கலாவுக்கு நான் போனில் கேள்வியைச் சொன்னேன். அவள் திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொன்னாள். பிறகு, "குசினியிலைதான் மச்சாள்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். இரண்டாம் மாடி வீடு அதே வாடகைக்கு ஃபிராவ் தெக்லேக்குப் போனது. மற்ற வீடுகளில் இருந்தவர்கள் போய்விட்டார்கள். ஓர் இளம் சோடி, இரண்டு மாணவர், மகளிடம் போன ஓர் இத்தாலியக் கிழவர், இன்னொரு குடும்பம். அவர்களுடைய அப்நாமேயையும் நான்தான் செய்தேன். அவர்களுக்காக யாரும் புட்டுப் பானைக்கு முன்னால் நின்று சண்டை பிடிக்கவில்லை.

என் வேலை வாழ்க்கையின் கடைசி அப்நாமே ஃபிராவ் அம்ரைனின் வீடு. நான் பார்க்கத் தேவையில்லை, திறப்பைத் தந்தால் போதும் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படியென்றால் வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள்" என்றார். ஆகவே மடக்குக் கதிரையை விரித்து அவரை உட்கார வைத்தேன். டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். விசிறி வலையைக் கழற்றினேன், குழாயின் வாயைத் தடவினேன், யன்னல் தவாளிப்பில் விரலை விட்டேன். இரண்டு நாள் தானே முழங்காலில் நின்று துடைத்திருக்கிறார். அந்த வயதில். எந்த மூலையிலும் ஒரு குறை இல்லை. நான் தேடுவதை அவர் கதிரையில் நேராக இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "எப்படி?" என்றார், சோதனை எழுதிய பிள்ளை மாதிரி.

"நான் பார்த்ததிலேயே நல்ல வீடு" என்றேன். அது முகத்துக்காகச் சொன்ன வார்த்தையில்லை. அவர் சந்தோசப்பட்டார். உண்மையாகவே சந்தோசப்பட்டார். அன்றைக்கு எனக்கு அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

இலையுதிர் காலத்தில் நாங்கள் மூன்று பேரும் அவரைப் பார்க்கப் போனோம். ரவி வரத் தயங்கினான், கலா விடவில்லை. ஓர் அறையும் ஒரு சின்னக் குசினியும். துப்புரவாக, வெளிச்சமாக இருந்தது. தெக்லேயின் பிள்ளைகள் புதன்கிழமை பின்னேரங்களில் வருகிறார்களாம், கணக்கில் மூத்தவள் கெட்டிக்காரியாம். அவர் சந்தோசமாகத்தான் கதைத்தார். லிஃப்ட் இருக்கிறது, அழைக்க மணி இருக்கிறது, கீழேயே வைத்தியர் வருகிறார் என்றார்.

"ஒரு குறையுமில்லையோ?" என்று கலா தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டாள்.

"ஒன்றே ஒன்று" என்று சிரித்தார் ஃபிராவ் அம்ரைன். "அந்த வீட்டில் கதவுக்கு வலப் பக்கம் லைட் சுவிட்ச். இங்கே இடப் பக்கம். எனக்குத் தெரியும், ஆனால் என் கைக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் உள்ளே வந்து, இருட்டில் நின்று சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறேன்."

ரவி துள்ளி எழும்பினான். அவனால் செய்யக்கூடிய ஒன்று கடைசியில் கிடைத்துவிட்டது. கதவடிக்குப் போய் வலப் பக்கச் சுவரை விரலால் தட்டித் தட்டிக் கேட்டான். முகம் பிரகாசமாகிவிட்டது. "வயர் இதாலைதான் போகுது அக்கா, அரை மணித்தியால வேலை" என்று எனக்குச் சொல்லிவிட்டு, அவரிடம் ஜெர்மனில், "வருகிற சனிக்கிழமை வந்து இந்தப் பக்கம் மாற்றித் தருகிறேன். காசு வேண்டாம்" என்றான்.

ஃபிராவ் அம்ரைன் அவனை அன்பாகப் பார்த்தார். குரலில் ஒரு முள்ளும் இல்லை. வேலை பழக்கிய காலத்தில் எனக்கு விதிகளைச் சொல்லித் தந்த அதே குரல்.

"மிக்க நன்றி, ஹெர் ரவி. ஆனால் இது வாடகை வீடு. சுவரில் கை வைப்பதென்றால் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும்."

தம்பி சுவரிலிருந்து கையை எடுத்தான். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.